பதினோராவது கேள்வி

ஆகஸ்ட் 4

அண்ணா,

இன்று காலை எழுந்ததும் நான் முதலில் செய்த வேலை, படகு மோட்டாரின் இரண்டு பிளக்குகளையும் கழற்றி என் தலையணை உறையால் துடைத்தது. பல்கூடத் தேய்க்கவில்லை. கரி போகவில்லை, உறைதான் போயிற்று. பிறகு பழைய பிரஷ் ஒன்றைப் பெட்ரோலில் நனைத்துத் தேய்த்தேன். இப்போது வெயிலில் காய்கின்றன. அவை காய்வதற்குள் இதை எழுதி முடிக்க வேண்டும்.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீ பேச விடமாட்டாய். நான் 'பிளக்' என்று தொடங்கினாலே நீ 'தொடாதே' என்று முடித்துவிடுவாய். காகிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. இனி கடிதம்தான். நீயும் எழுது. வலது தோளில் கட்டுப் போட்டிருந்தால் என்ன, இடது கை சும்மாதானே இருக்கிறது.

நேற்று நடந்ததை வேறு யாராவது கண், மூக்கு வைத்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். வழக்கம்போல நர்ஸம்மாவையும் தடுப்பூசிப் பெட்டியையும் அக்கரை மருத்துவமனைக்கு ஏற்றிக்கொண்டு போனேன். கூட இரண்டு பயணிகள். வளைவு தாண்டிப் பாசி மண்டிக் கிடக்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்தேன். புகை முதலில் வெள்ளையாக வந்தது, பிறகு நீலமாக. மோட்டார் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. பதினான்கு முறை கிளப்பும் கயிற்றை இழுத்தேன். பயணிகளில் ஒருவர் என்னிடம் சொல்லாமல் தண்ணீரிடம் சொன்னார்: "அண்ணன் இருந்தா இப்படி நடுவுல நிக்குமா?"

அண்ணன் இல்லை. நான்தான் இருந்தேன். மோட்டாரைத் தூக்கி நிறுத்தி, விசிறியில் சுற்றியிருந்த பாசியைக் கத்தியால் அறுத்தேன். இரண்டு பிளக்குகளும் கரிக்கட்டையாக இருந்தன. பெட்டியிலிருந்த மாற்றுப் பிளக்குகளைப் போட்டேன். மூன்றாவது இழுப்பில் கிளம்பியது. நாற்பது நிமிடம் தாமதம். பெட்டியில் பனிக்கட்டி கரையவில்லை.  

அடுத்த விஷயம். உன் டாக்டர் இனி நீ கயிறு இழுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். உனக்குப் பதிலாக ஓட்ட எனக்குக் கொடுத்த தற்காலிக அனுமதி செப்டம்பர் பதினைந்தோடு முடிகிறது. அதற்குள் என் பெயரில் உரிமம் வாங்காவிட்டால் நம் படகு கரையில்தான் கிடக்கும். ஆகவே படகுத்துறை அலுவலகத்தில் படிவம் வாங்கி வந்துவிட்டேன். பதினான்கு கேள்விகள். பதின்மூன்றுக்குப் பதில் எழுதியாயிற்று. பதினோராவதை மட்டும் விட்டு வைத்திருக்கிறேன்: 'தங்கள் பொறுப்பில் இருந்தபோது படகோ எந்திரமோ இழக்கப்பட்டதுண்டா? உண்டெனில் விவரம்.' விவரத்துக்கு இரண்டு கோடுகள் விட்டிருக்கிறார்கள். "இல்லைன்னு போட்டுடுங்கம்மா, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க. ஆமான்னு போட்டா விசாரணை அது இதுன்னு இழுத்தடிப்பாங்க" என்றார் அங்கிருந்த எழுத்தர்.

படிவத்தின் கடைசியில் படகின் உரிமையாளர் கையெழுத்துப் போட வேண்டும். அதற்கு நீ வேண்டும்.

பிளக் காய்ந்துவிட்டது.

தங்கை


ஆகஸ்ட் 9

தங்கச்சிக்கு,

இடது கையால் எழுதுகிறேன். கோழி நடந்தது மாதிரி இருக்கும். சிரிக்காதே.

மோட்டாரை நிறுத்து. இனி எடுக்காதே. நீலப் புகை வந்தால் எண்ணெய் அதிகம் என்று அர்த்தம். ஐம்பது பங்கு பெட்ரோலுக்கு ஒரு பங்கு எண்ணெய். காலேஜில் ரசாயனம் படித்தவளுக்கு ஐம்பதில் ஒன்று அளக்கத் தெரியாதா. உன்னைப் படகில் டிக்கெட் கிழிக்க உட்கார வைத்தேன். அதோடு நின்றிருக்கலாம்.

மரக்கடைக்காரரிடம் பேசிவிட்டேன். படகையும் மோட்டாரையும் அவர் எடுத்துக்கொள்கிறார். இருபத்தைந்தாம் தேதி பார்க்க வருவார். மரியாதையாகப் பேசு. நீ இங்கே வந்துவிடு. மகன் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது.

கையெழுத்துப் போட மாட்டேன். ஏற்கெனவே ஒரு மோட்டாரைத் தண்ணீரில் விட்டவள் நீ. இரண்டாவதையும் விட நான் சம்மதிக்க மாட்டேன்.

வருகிற ஆள் வரும்வரை மோட்டார் மாப்பிள்ளை நன்றாக இருக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் போய் வந்தால் நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி ஐந்து நிமிடம் ஓட விடு. மூத்திரம் வருகிறதா பார். வராவிட்டால் உடனே நிறுத்து.

கை வலிக்கிறது.

அண்ணன்


ஆகஸ்ட் 13

அண்ணா,

'எடுக்காதே' என்று மேல் பத்தியில் எழுதிவிட்டு, 'போய் வந்தால் பீப்பாயில் ஓட விடு' என்று கீழ்ப் பத்தியில் எழுதியிருக்கிறாய். கீழ்ப் பத்தியை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

உன் மாப்பிள்ளை சுகம். நீ அந்த மோட்டாருக்கு அப்படிப் பெயர் வைத்த நாளில் எனக்குக் கோபம் வந்தது. தாங்கித் தாங்கி நடத்த வேண்டும், முகம் சுளித்தால் கிளம்பாது என்று காரணம் சொன்னாய். இப்போது நினைத்துப் பார்க்கிறேன். இந்த வீட்டுக்கு வந்த இரண்டு மாப்பிள்ளைகளில் உழைத்தது இது ஒன்றுதான்.

மூத்திரமும் நன்றாகப் போகிறது. பின்புறத் துளையிலிருந்து பீய்ச்சும் அந்தத் தண்ணீர் திங்கட்கிழமை மெலிந்து நூலாகிவிட்டது. தண்ணீர் வற்றும் நேரத்தில் சேற்றை ஒட்டி ஓட்டியதில் துளையில் வண்டல் ஏறியிருந்தது. நிறுத்தி, என் கொண்டை ஊசியை நிமிர்த்திக் குத்தி எடுத்தேன். நர்ஸம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "எங்க நோயாளிங்களுக்கும் இவ்வளவு சுலபமா அடைப்பெடுக்க முடிஞ்சா நல்லா இருக்கும்" என்றார். அதன்பின் ஆழம் குறைந்த இடத்தில் மோட்டாரை ஒரு படி தூக்கி வைத்து மெதுவாகத்தான் போகிறேன். இதை நீ சொல்லிக் கொடுக்கவில்லை. சேறு சொல்லிக் கொடுத்தது.

இப்போது எண்ணெய்க்கு வருகிறேன். இந்தக் கடிதத்தோடு ஒரு வெள்ளைத் தாளை மடித்து வைத்திருக்கிறேன். பிரித்துப் பார். அதில் இரண்டு வட்டங்கள் பென்சிலால் போட்டிருப்பேன். இடது வட்டத்தில் கடையிலிருந்து அன்றே வாங்கி வந்த பெட்ரோலில் ஒரு சொட்டு விட்டேன். வலது வட்டத்தில் நீ ஆஸ்பத்திரிக்குப் போகுமுன் கொட்டகையில் அடுக்கி வைத்த நான்கு கேன்களில், நான் இன்னும் திறக்காமலிருந்த நான்காவதிலிருந்து ஒரு சொட்டு. பெட்ரோல் மட்டும் என்றால் ஆவியாகிப் போய்விடும், தாளில் ஒன்றும் மிஞ்சாது. இடது வட்டம் சுத்தமாக இருக்கிறது. வலது வட்டத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடி. வடை வைத்த காகிதம் மாதிரி பளபளக்கும்.

நீ நான்கு கேன்களிலும் முன்கூட்டியே எண்ணெய் கலந்து வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். ஒரு சீட்டு ஒட்டவில்லை. ஒரு கோடு போடவில்லை. ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் புத்தகத்தைப் பார்த்து, ஐம்பதுக்கு ஒன்று அளந்து, மறுபடி ஊற்றினேன். ஒரே மோட்டாருக்கு இரண்டு பேரும் தனித்தனியாக அக்கறை காட்டினோம். அதுதான் அன்று நடுவழியில் மூச்சு முட்டி நின்றது.

கேனில் ஊற்றும்போது நிறத்தைக் கவனித்திருக்க வேண்டும். அது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். எனக்கு ஐம்பதில் ஒன்று அளக்கத் தெரியாது என்று எழுதினாயே, அதை நீ திரும்ப எடுத்துக்கொள்.

உன் மகன் வீட்டு அறை சும்மாவே கிடக்கட்டும்.

தங்கை


ஆகஸ்ட் 19

அத்தைக்கு வணக்கம். உங்கள் அண்ணனின் மருமகள் எழுதுகிறேன். மாமா இடது கையால் எழுதி மணிக்கட்டு வீங்கிவிட்டது. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். ஒரு எழுத்து மாற்றக் கூடாது என்று உத்தரவு.

"தங்கச்சி, தாள் வந்துச்சு. பாத்தேன். சரி, நான்தான் கலந்து வெச்சேன். அதுல என்ன இப்போ? உனக்குச் சிரமம் வேணாம்னுதானே செஞ்சேன்? சொல்லணும்னுதான் இருந்தேன். ஆஸ்பத்திரிக்குக் கெளம்புற அவசரத்துல விட்டுப்போச்சு. நல்லது செய்யப் போயி கெட்ட பேரு. அளக்கத் தெரியாதுன்னு சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன், போதுமா?"

(மாமா சிரித்தார். தாளை டாக்டரிடம்கூடக் காட்டினார், 'என் தங்கச்சி கண்டுபிடிச்சா' என்று. இதை எழுதச் சொல்லவில்லை.)

"ஆனா கையெழுத்து கெடையாது. மழை வரப்போவுது. மழையில அந்த முகத்துவாரத்துப் பக்கம் போனா அலை படகைத் தூக்கும். விசிறி தண்ணிக்கு மேல வந்துரும், மோட்டார் கத்தும். அந்த நேரத்துல வேகத்தை உடனே கொறைக்கணும். உனக்குக் கை வராது. மோட்டாரு வேலையில முன்யோசனை வேணும். நான் எதையும் முந்தின நாளே செஞ்சு வெச்சுடுவேன். கழட்ட வேண்டியதைச் சாயங்காலமே தளத்தி வெச்சுட்டா காலையில சுலபமா இருக்கும். எப்பவும் அப்படித்தான். அன்னிக்கும் அப்படித்தான் ரெண்டு திருகையும்"

(இந்த இடத்தில் மாமா நிறுத்திவிட்டார். கடைசி இரண்டு வரியை அடிக்கச் சொன்னார். ஒரு எழுத்து மாற்றக் கூடாது என்று முதலில் சொன்னவரும் அவர்தானே. மை பேனா வேறு. அடித்தால் அசிங்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டேன். இப்போது சன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறார். சாப்பிட வரவில்லை. அத்தை, நான் ஏதாவது தப்பாக எழுதிவிட்டேனா?)


ஆகஸ்ட் 26

அண்ணா,

உன் மருமகளிடம் சொல். அவள் ஒரு தப்பும் செய்யவில்லை. இந்த வீட்டில் இருபத்து மூன்று வருடங்களில் முதல்முதலாக ஒரு காரியத்தை ஒழுங்காகச் செய்தவள் அவள்தான்.

முதலில் மரக்கடைக்காரர் விஷயம். நேற்று வந்தார். நீ சொன்னபடி மரியாதையாகத்தான் பேசினேன். படகைச் சுற்றிச் சுற்றி வந்து தட்டிப் பார்த்தார். "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். "இருக்காரே, பின்னாடி மாட்டியிருக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை. மோட்டாரைக் கிளப்பிக் காட்டச் சொன்னார். வாங்கப் போகிறவர் நீங்கள்தானே, நீங்களே இழுத்துப் பாருங்கள் என்று கயிற்றைக் கொடுத்தேன். ஓட்டுபவர் மணிக்கட்டில் மாட்டிக்கொள்ளும் சிவப்புக் கிளிப் இருக்கிறதே, ஆள் தண்ணீரில் விழுந்தால் பிடுங்கிக்கொண்டு மோட்டாரை நிறுத்துமே, நீ ஒருநாளும் மாட்டாதது. அது என் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை மோட்டாரில் செருகாமல் எத்தனை முறை இழுத்தாலும் ஒரு பொறிகூடப் பறக்காது. அவர் இருபத்திரண்டு முறை இழுத்தார். நர்ஸம்மா படித்துறையில் உட்கார்ந்து சத்தமாக எண்ணினார். சட்டையெல்லாம் நனைந்து, "செத்த மோட்டாரை என் தலையில கட்டப் பாக்குறாரு உங்கண்ணன்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் தெருமுனை திரும்பியதும் கிளிப்பைச் செருகினேன். இரண்டாவது இழுப்பில் கிளம்பியது.

நான் பொய் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை. அது நம் வீட்டில் ஒரு வழக்கம் என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

இனி அந்த இரண்டு வரிகள்.

அப்போது எனக்கு இருபத்தோரு வயது. காலேஜ் விடுமுறை. காலையில் நான் தனியாகப் படகை எடுக்கப்போகிறேன் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். பெட்ரோல் டேங்க் மூடியில் காற்றுத் திருகைத் திறந்தேன். பெட்ரோல் குழாயின் ரப்பர் பந்தை அமுக்கினேன். கிளப்பினேன். படித்துறையிலிருந்து விலகப் பின் கியர் போட்டேன். மோட்டார் படகின் பின்பலகையிலிருந்து எழும்பி, ஒரு ஆள் எழுந்து வெளியே போவது மாதிரி, தண்ணீருக்குள் போயிற்று. அதைப் படகோடு பிணைக்கும் சங்கிலி கொட்டகையில் ஆணியில் தொங்கியது. மூன்று நாள் தேடினார்கள். ஆற்றின் இழுப்பில் கிடைக்கவில்லை.

நான் நனைந்துபோய் அப்பா முன்னால் நின்று, நான்தான் சங்கிலி மாட்ட மறந்துவிட்டேன் என்றேன். ஏனென்றால் வேறு யார் மறந்திருக்க முடியும்? அந்த மழைக்காலம் முழுவதும் படகு கவிழ்ந்து கிடந்தது. என்னை மோட்டார் பக்கம் வரக் கூடாது என்றார் அப்பா. 'குடும்பம்னு ஒண்ணு வந்தா பொறுப்பு வரும்' என்று அடுத்த வருடமே கல்யாணம் முடித்தார். புகுந்த வீட்டில் நான் எதையாவது எதிர்த்துப் பேச வாயெடுத்தால், என் கணவர் சிரித்துக்கொண்டே சொல்வார்: "மோட்டாரையே தொலைச்சவதானே நீ." அந்த வீட்டை விட்டு வெளியே வர எனக்குப் பதினெட்டு வருடங்கள் ஆயின. என் நினைவைவிட அவர் பேச்சை நம்பப் பழகியிருந்தேன். கதவைப் பூட்டினேனா என்று இன்றும் மூன்று முறை திரும்பிப் போய்ப் பார்க்கிறேன்.

இந்த இரண்டு மாதமாக, மோட்டாரைப் பின்பலகையோடு பிடித்திருக்கும் அந்த இரண்டு திருகுகளை நான் தினமும் கையால் இறுக்குகிறேன். அவை தானாகத் தளர்வதே கடினம். இரண்டும் ஒரே நாளில், ஒரே அளவுக்குத் தளரவே தளராது. யாராவது உட்கார்ந்து தளர்த்த வேண்டும்.

புறப்படுமுன் இறுக்கிப் பார்ப்பது ஓட்டுபவளின் வேலை. நான் பார்க்கவில்லை. அந்தப் பாதியை நான் ஒருபோதும் மறுக்கப் போவதில்லை. மறுபாதியைப் பற்றித்தான் கேட்கிறேன்.

முந்தின நாள் சாயங்காலம் அந்த இரண்டு திருகுகளையும் தளர்த்தி, சங்கிலியைக் கழற்றியது நீயா? ஆம், இல்லை, ஏதாவது ஒரு வார்த்தை போதும். இடது கைக்கு அதிக வேலை இல்லை.

தங்கை


ஆகஸ்ட் 31

தங்கச்சிக்கு,

இங்கே மழை ஆரம்பித்துவிட்டது. அங்கேயும் வரும். கேனில் தண்ணீர் இறங்காமல் பார். மழையில் கேனைத் திறந்து வைக்காதே. பெட்ரோலில் தண்ணீர் கலந்தால் அது அடியில் போய் உட்காரும். கேனை ஒரு மணி நேரம் அசைக்காமல் வைத்து மேலே உள்ளதை மட்டும் துணி கட்டிய புனல் வழியாக ஊற்று. அடியில் உள்ளதை ஊற்றாதே. காலையில் குளிராக இருந்தால் சோக்கை முழுதும் இழு. கிளம்பியதும் உடனே உள்ளே தள்ளு. மறந்தால் பெட்ரோல் நாற்றம் வரும். அப்போது பத்து நிமிடம் சும்மா விடு. கோபத்தில் இழுத்துக்கொண்டே இருக்காதே.

மூடியில் காற்றுத் திருகு மறக்காதே.

அண்ணன்


செப்டம்பர் 2

அண்ணா,

நீ எழுதிய அத்தனையும் சரி. அத்தனையும் செய்கிறேன்.

கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

தங்கை


செப்டம்பர் 5

தங்கச்சிக்கு,

ஆம்.

 மருமகளை எழுதச் சொல்லவில்லை. நானே எழுதுகிறேன்.

கியர் எண்ணெய் மாற்றக் கழற்றலாம் என்று சாயங்காலம் திருகைத் தளர்த்தினேன். சங்கிலியை ஆணியில் மாட்டினேன். தூறல் போட்டது. காலையில் பார்ப்போம் என்று உள்ளே வந்தேன். நீ காலையில் எடுப்பாய் என்று தெரியும். எழுந்து சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நான் எழுவதற்குள் நீ போய்விட்டாய்.

சத்தம் கேட்டு ஓடி வந்தேன். அப்பா முன்னால் வாய் திறக்கத்தான் போனேன். நீ முந்திக்கொண்டு 'நான்தான் மறந்துட்டேன்' என்றாய். அந்த ஒரு நிமிடம் எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த நிமிடத்துக்காகத்தான் இன்றுவரை என் மேல் எனக்கே வெறுப்பு. மறுநாள் சொல்லலாம் என்று இருந்தேன். மறுநாள் இன்னும் கஷ்டமாகிவிட்டது. உன் கல்யாணத்தன்று சொல்லலாம் என்று பார்த்தேன். அப்புறம் சொல்வதற்கு இடமே இல்லாமல் போய்விட்டது.

நீ திரும்பி வந்தபோது உன்னை மோட்டாரைத் தொட விடவில்லை. உன் மேல் நம்பிக்கை இல்லாமல் இல்லை. நீ அதன் பக்கத்தில் நின்றாலே எனக்கு அந்த ஆணியும் சங்கிலியும்தான் கண்ணில் தெரியும்.

மரக்கடைக்காரர் போனில் கத்தினார். கிளிப்பைக் கழற்றி வைத்திருந்தாய் என்று உன் கடிதம் வந்த பிறகுதான் புரிந்தது. சிரித்ததில் தோள் வலித்தது. அவரிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பதினோராம் தேதி வருகிறேன். படிவத்தை எடுத்து வை. பதினோராவது கேள்விக்கு இல்லை என்று எழுது. அந்த மோட்டார் எந்தப் பதிவிலும் கிடையாது. அப்பாவும் இல்லை. அலுவலகத்தில் யாருக்கும் அது தெரியாது. உடனே கையெழுத்துப் போடுகிறேன். உனக்கு உரிமம் கிடைக்கும். இத்தோடு விட்டுவிடுவோம்.

அண்ணன்


செப்டம்பர் 10

அண்ணா,

இந்தக் கடிதம் உறைக்குள் போகப்போவதில்லை. நாளைக்கு நீயே வந்துவிடுகிறாய். ஆனால் இந்த ஒரு மாதத்தில் எதையும் காகிதத்தில் வைத்துத்தான் யோசிக்கப் பழகிவிட்டேன்.

இன்று காலை எழுந்ததும் முதலில் போய்த் திருகுகளைத் தொட்டுப் பார்த்தேன். இறுக்கமாக இருந்தன. ஒரு முறைதான் பார்த்தேன். படகு ஏறிய பிறகுதான் அது உறைத்தது: மூன்று முறை அல்ல, ஒரு முறை.

நேற்று முழுவதும் மழை. நர்ஸம்மா அக்கரையில் ஒரு பிரசவம் பார்க்கப் போக வேண்டும் என்றார். இன்னொரு படகுக்காரர், தண்ணீர் இறங்கட்டும் என்று சொல்லிவிட்டார். நான் எடுத்தேன். முகத்துவாரத்துப் பக்கம் நீ சொன்னதுபோலவே அலை தூக்கியது, விசிறி காற்றில் சுழன்று மோட்டார் அலறியது. வேகத்தைக் குறைத்தேன். கை வந்தது. படகு இறங்கியதும் மறுபடி கொடுத்தேன். தூக்கியபோதெல்லாம் குறைத்தேன், இறங்கியபோதெல்லாம் கொடுத்தேன். அலையை நேராக வாங்காமல் சற்றுச் சாய்த்து வாங்கினேன். நர்ஸம்மா பெட்டியைக் கட்டிக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். கரையேறி, "முடிஞ்சுதா?" என்று கேட்டார். முடிந்தது என்றேன். அந்தப் பெண்ணுக்குச் சுகப்பிரசவம். திரும்பி வந்து, கொட்டும் மழையில் மோட்டாரை நல்ல தண்ணீர்ப் பீப்பாயில் ஓட விட்டேன். வழியில் போனவர்கள் என்னைப் பார்த்த பார்வையை நீ பார்த்திருக்க வேண்டும்.

உன் ஆணியும் சங்கிலியும் என்ற வரியைப் பல தடவை படித்தேன். உன்மேல் எனக்கு இரக்கம் வருகிறது. வரக் கூடாது என்று நினைத்தும் வருகிறது. அதற்காகக் கோபம் போய்விட்டது என்று நினைத்துக்கொள்ளாதே. இரண்டும் ஒரே வீட்டில்தான் இருக்கின்றன. ஒன்று வந்தால் இன்னொன்று எழுந்து போக வேண்டும் என்ற கட்டாயம் ஒன்றுமில்லை.

நாளைக்கு நீ அக்கரைப் படித்துறையில் இறங்கி நிற்பாய். வழக்கம்போலப் பின்பலகைக்குப் போகப் பார்ப்பாய். முன்னால் உட்கார், அங்கே நனையாது என்று சொல்வேன். நீ உட்காருவாய். மூத்திரம் வருகிறதா என்று திரும்பிப் பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது. பார்த்துக்கொள். நன்றாக வரும்.

பிறகு வீட்டில் படிவத்தை எடுத்து வைப்பேன். 'இல்லை' என்று எழுதியிருக்கும் என்று எதிர்பார்ப்பாய். நீ அன்போடுதான் சொன்னாய். எழுத்தரும் அதைத்தான் சொன்னார். அப்படி எழுதினால் வேலை ஒரு நிமிடத்தில் முடியும். உரிமம் கிடைக்கும். நர்ஸம்மாவின் திங்கள், வியாழன் தப்பாது. ஆனால் 'நான்தான்' என்று நான் சொன்ன ஒரு வார்த்தைக்குப் பின்னால் நீ இருபத்து மூன்று வருடம் ஒளிந்திருந்தாய். 'இல்லை' என்று எழுதினால் அதன் பின்னால் நாம் இருவருமாக ஒளிந்துகொள்வோம். எனக்கு அந்த இடம் வேண்டாம். அதில் நான் போதுமான அளவு இருந்துவிட்டேன்.

சற்று முன்பு அந்த இரண்டு கோடுகளிலும் பென்சிலால் எழுதிப் பார்த்தேன். சரியாக அடங்குகிறது: 'ஆம், ஒருமுறை. திருகுகளைத் தளர்த்தி வைத்துச் சொல்லாதவர், படகின் இன்றைய உரிமையாளர். புறப்படுமுன் சரிபார்க்காதவள், விண்ணப்பிக்கும் நான்.'

விசாரணை வரலாம். இழுத்தடிக்கலாம். மறுக்கவும் செய்யலாம். மறுத்தால் மறுபடியும் விண்ணப்பிப்பேன், அதே இரண்டு வரிகளோடு. இதை நர்ஸம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. நாளைக் காலை உன்னை ஏற்றிக்கொள்ளப் புறப்படுமுன் பென்சிலின்மேல் மையால் எழுதிவிடுவேன்.

அதற்குக் கீழே உரிமையாளர் கையெழுத்துக்கு ஒரு கோடு இருக்கிறது. இடது கையால் போட்டாலும் இடம் போதும்.